சுடுநீர்க் கருவி ஏன் சண்டித்தனம் செய்கிறது?

வெப்பம் பற்றிய பாடம் என்றாலே முக்காலி, கம்பிவலை, பீக்கர், வெப்பமானி என்று ஆய்வுக்கூடத்தைத்தான் நினைத்துக்கொள்கிறோம். அதே பாடம் உங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரிலும் ஒரு வெள்ளைப் பெட்டியாகத் தொங்குகிறது. புக்கிட் பெருவாங்கில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் சுடுநீர்க் கருவி இல்லாத வீடு அரிது. மல்டிமீடியா பல்கலைக்கழக மாணவர்கள் வாடகைக்குத் தங்கும் இரட்டை மாடி வீடுகள் சிலவற்றில் ஒரே கூரையின் கீழ் இரண்டு மூன்று கூட இருக்கும்.

அது கெட்டுப்போனால் வீட்டில் என்ன நடக்கிறது? ஒருவர் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார். இன்னொருவர் குமிழைக் கடைசி வரைக்கும் திருகுவார். மூன்றாமவர், “வாட்டர் ஹீட்டர் போச்சு, புதுசு வாங்கணும்” என்று தீர்ப்பே சொல்லிவிடுவார். காய்ச்சல் என்று வந்தவரிடம் மருத்துவர் எத்தனை நாளாக, எந்த நேரத்தில், இருமல் உண்டா என்று கேட்காமல் மருந்து எழுதுவதில்லை. இந்தப் பெட்டியிடமும் அப்படிக் கேள்வி கேட்கலாம். மூடியைத் திறக்க வேண்டியதில்லை; திறக்கவும் கூடாது. வெளியிலிருந்து கண்ணால் பார்த்தும் அளந்தும் பழுது இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

வீடுகளில் நான் கேட்கும் புகார்கள் நான்குதான். சூடே வரவில்லை. வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. சூடும் குளிருமாக மாறி மாறி வருகிறது. கருவியைப் போட்டால் வீட்டு மின்சாரம் விழுகிறது. முதல் மூன்றையும் உங்கள் பாடநூல் அறிவைக் கொண்டு நீங்களே ஆராயலாம். நான்காவதில் ஆராய்ச்சிக்கு இடமில்லை. மின்சாரம் விழும் வீட்டிலும், குளிக்கும்போது உடம்பில் சிறு ‘சுர்’ரென்ற உணர்வு தெரியும் வீட்டிலும், கீழே சொல்லும் எந்தச் சோதனையையும் செய்யாதீர்கள். அந்தப் பகுதியை மட்டும் முதலில் படித்துவிட்டுப் பெற்றோரிடம் காட்டுங்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

குழாயில் வரும் நீர் முதலில் ஒரு சிறிய சல்லடையைக் கடக்கிறது. அடுத்து நீரோட்ட சுவிட்ச். நீர் போதுமான வேகத்தில் ஓடினால்தான் இது மின்சாரத்தைப் போடும். அதன்பின் சூடேற்றும் கம்பி இருக்கும் சிறிய அறை. நீர் அந்த அறையைக் கடக்கும் சில வினாடிகளில் சூடாகி ஷவருக்குப் போகிறது. அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு தெர்மோஸ்டாட். பெரும்பாலான கருவிகளில் மின்கசிவைக் கண்டறியும் ஒரு பாகமும் உள்ளேயே உண்டு.

இந்தப் பாகங்களின் வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீர் ஓட வேண்டும், சுவிட்ச் அதை உணர வேண்டும், கம்பி சூடாக வேண்டும், தெர்மோஸ்டாட் குறுக்கிடாமல் இருக்க வேண்டும். சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போனது என்பதுதான் நம் கேள்வி.

சூடே வரவில்லை என்றால்

முதலில் விளக்கைப் பாருங்கள். குளியலறைக்கு வெளியே இருக்கும் சுவிட்சைப் போட்டதும் அதன் விளக்கு எரிகிறதா? அது எரியவில்லை என்றால் கருவிக்கு மின்சாரமே போகவில்லை. எரிகிறது என்றால் நீரைத் திறந்துவிட்டுக் கருவியின் முகப்பிலுள்ள விளக்கைப் பாருங்கள். அதுவும் எரிந்து நீர் மட்டும் குளிராக வந்தால், சந்தேகம் சூடேற்றும் கம்பியின் மேல் விழுகிறது. சுவிட்ச் விளக்கு எரிந்து, நீர் ஓடியும் கருவியின் சூடேற்றும் விளக்கு எரியாவிட்டால் பெரும்பாலும் நீரோட்ட சுவிட்ச் வேலை செய்யவில்லை என்று பொருள். அது கெட்டுப்போயிருக்கலாம். அல்லது அது விழித்துக்கொள்ளும் அளவுக்கு நீர் ஓடவில்லை. நம் ஊரில் இரண்டாவதுதான் அதிகம்.

காரணம் கூரைக்குள் இருக்கிறது. நம் வீடுகளில் குளியலறை நீர் கூரைக்கடியில் உள்ள தொட்டியிலிருந்து இறங்கி வருகிறது. ஷவர் தலைக்கும் தொட்டி நீர்மட்டத்துக்கும் உள்ள உயரமே அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. படிவம் 5 இயற்பியலில் வரும் சூத்திரம்தான்: அழுத்தம் = உயரம் × அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம். மேல்மாடிக் குளியலறையில் அந்த உயரம் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1.5 × 1000 × 9.81 = 14,715 பாஸ்கல். கீழ்மாடியில் இன்னும் 3 மீட்டர் கூடி 4.5 மீட்டர் ஆகிறது. அழுத்தம் 44,145 பாஸ்கல். ஒரே வீடு, ஒரே தொட்டி, ஒரே மாதிரிக் கருவி. ஆனாலும் கீழே மூன்று மடங்கு அழுத்தம்.

கீழே ஒழுங்காக இயங்கும் கருவி மேலே மக்கர் செய்வதன் மர்மம் இதுதான். குழாய் நீளம், வளைவுகள், ஷவர் தலையின் துளைகள் எல்லாம் சேர்ந்து இந்த அழுத்தத்தை இன்னும் தின்றுவிடும். மேல்மாடிக்குப் பம்பு உள்ள கருவியைக் கடைக்காரர் பரிந்துரைப்பது வெறும் வியாபாரத் தந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொரு துப்பும் இங்கே உண்டு. நீர் விநியோகம் தடைபட்ட நாளில் மட்டும் கருவி வேலை செய்யவில்லையா? தொட்டியில் மட்டம் அரை மீட்டர் இறங்கினால் மேல்மாடியில் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கீழ்மாடியில் ஒன்பதில் ஒரு பங்குதான் போகும். நீர் திரும்ப வந்த பிறகும் சரியாகவில்லை என்றால் சல்லடையைச் சந்தேகியுங்கள். காலியான குழாயில் நீர் மீண்டும் பாயும்போது உள்ளே படிந்திருந்த மண்ணும் துருவும் சேர்ந்து வரும். மலாக்காவாசிகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1991-இல் டுரியான் துங்கல் அணை வற்றியபோது பட்ட பாட்டை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

சல்லடையைக் கழுவப் பெரியவர் ஒருவர் மின்சாரத்தை மின்பெட்டியிலேயே துண்டித்து, நீர் வால்வையும் மூடிய பிறகே தொட வேண்டும். ஷவர் தலையை நீங்களே கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்க்கலாம். ஒன்று மட்டும் கவனம்: இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். ஷவர் தலையைக் கழுவி, கருவியைப் போட்டுப் பாருங்கள். சரியாகாவிட்டால் அடுத்தது சல்லடை. இரண்டையும் சேர்த்துச் செய்து சரியாகிவிட்டால், எது காரணம் என்று உங்களுக்குத் தெரியாமலேயே போய்விடும். மூன்று மாதம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவீர்கள். ஆய்வு அறிக்கையில் ‘தற்சார்பு மாறி’, ‘கட்டுப்படுத்தப்பட்ட மாறி’ என்று எழுதச் சொல்லி நாங்கள் உயிரை வாங்குவது இதற்காகத்தான்.

வெதுவெதுப்பு: ஒரு வாளி, ஒரு கடிகாரம், ஒரு வெப்பமானி

இந்தப் புகாரில்தான் கணக்கு அழகாக உதவுகிறது. கருவியின் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். 240 வோல்ட், 3.6 கிலோவாட் என்று இருப்பதாகக் கொள்வோம். 2008 முதல் நம் நாட்டின் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட் என்று குறிக்கப்படுகிறது. கம்பியின் மின்தடை 240 × 240 ÷ 3600 = 16 ஓம். அதே கம்பியில் 230 வோல்ட் கொடுத்தால் 230 × 230 ÷ 16 = ஏறத்தாழ 3300 வாட். மின்னழுத்தம் 4 விழுக்காடு குறைந்தபோது திறன் 8 விழுக்காடு குறைந்துவிட்டது; சூத்திரத்தில் வோல்ட் இருமடியாக வருவதால் வந்த வினை.

அடுத்து நீர். 1 கிலோகிராம் நீரை 1 பாகை செல்சியஸ் உயர்த்த 4200 ஜூல் வேண்டும். பாடநூலில் ‘முவாத்தான் ஹாபா தென்து’ என்று மனனம் செய்கிறீர்களே, அந்தத் தன்வெப்ப ஏற்புத்திறன்தான் இது. ஒரு வினாடியில் ஓடும் நீரின் பொருண்மையை 4200-ஆலும் வெப்பநிலை உயர்வாலும் பெருக்கினால், நீர் ஒவ்வொரு வினாடியும் பெற்ற சக்தி, அதாவது திறன், வாட்டில் கிடைக்கும்.

குமிழை உச்சத்தில் வைத்து, சூடு நிலையான பிறகு, ஒரு நிமிடம் ஷவர் நீரை வாளியில் பிடியுங்கள். எத்தனை லிட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். கலக்கி உடனே வெப்பநிலையைக் குறியுங்கள். கருவியை அணைத்து, சிறிது நேரம் ஓடவிட்டு, குளிர்ந்த நீரின் வெப்பநிலையையும் குறியுங்கள்.

ஒரு வீட்டில் நிமிடத்துக்கு 6 லிட்டர் வந்தது, 27 பாகையிலிருந்து 34.5 பாகைக்கு உயர்ந்தது என்று வையுங்கள். 6 லிட்டர் என்பது 6 கிலோகிராம், வினாடிக்கு 0.1 கிலோகிராம். 0.1 × 4200 × 7.5 = 3150 வாட். எதிர்பார்த்த 3300-க்கு மிக அருகில். கொஞ்சம் சூடு காற்றிலும் வாளியிலும் போயிருக்கும். இந்தக் கருவியில் ஒரு குறையும் இல்லை. நீர்தான் அதிகம்! வால்வைச் சற்று மூடி 4 லிட்டராக்கினால் உயர்வு ஏறக்குறைய 12 பாகையாகி, 39 பாகை நீர் கிடைக்கும். “சூடு போதவில்லை” என்று ஷவரை இன்னும் திறப்பவர் நோயை வளர்க்கிறார்.

இன்னொரு வீட்டில் நிமிடத்துக்கு 3 லிட்டர்தான் வருகிறது, உயர்வு 8 பாகை. 0.05 × 4200 × 8 = 1680 வாட். இப்போது நிலைமை வேறு. கிடைக்க வேண்டியதில் பாதிதான் நீருக்குப் போகிறது. சில கருவிகளில் இரண்டு சூடேற்றும் கம்பிகள் உண்டு, ஒன்று அறுந்திருக்கலாம். அல்லது குமிழுக்குப் பின்னுள்ள மின்னணுக் கட்டுப்பாடு பழுதாகியிருக்கலாம். இரண்டுமே உரிமம் பெற்ற வயர்மேன் அல்லது கருவி நிறுவனத்தின் பழுதுபார்ப்பாளர் வேலை. ஆனால் இரண்டு வீட்டிலும் புகார் ஒன்றே என்பதைக் கவனித்தீர்களா? முதல் வீட்டுக்காரர் புதுக் கருவி வாங்கியிருந்தால் பணம் வீண். அந்தப் புதுக் கருவியும் அதே 34.5 பாகைதான் தந்திருக்கும்.

ஒரு சின்ன விலகல். பிரிட்டனில் 8.5, 9.5, 10.5 கிலோவாட் மின் ஷவர்கள் விற்கிறார்கள். நம்முடையதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அவர்களுக்கு என்ன அவ்வளவு ஆசை? கணக்கைப் போடுங்கள். குளிர்காலத்தில் அங்கே குழாய் நீர் 8 பாகையாக வந்தால், 40 பாகைக்கு 32 பாகை ஏற்ற வேண்டும். நிமிடத்துக்கு 4 லிட்டருக்கே சுமார் 9000 வாட் தேவை. நாம் மலாக்காவின் வெயிலிடமிருந்து 27 பாகை வரைக்கும் இலவசமாக வாங்கிக்கொள்கிறோம்.

சூடும் குளிரும் மாறி மாறி

அதே கருவியில் நீரை 2 லிட்டராகக் குறைத்தால் உயர்வு 23 பாகையைத் தாண்டி, நீர் 50 பாகையை எட்டும். அந்த அளவில் தெர்மோஸ்டாட் குறுக்கிட்டு மின்சாரத்தைத் துண்டிக்கும். குளிர்ந்த நீர் வரும். அறை குளிர்ந்ததும் மறுபடி மின்சாரம். மறுபடி சூடு. குளிப்பவர் அலறிக்கொண்டு ஒதுங்குவார்.

இது பழுது மாதிரி தெரிந்தாலும் பெரும்பாலும் காவல்காரர் தன் வேலையைச் செய்வதுதான். கேள்வி, நீர் ஏன் குறைந்தது என்பது. இங்கே நேரம் ஒரு துப்பு. எப்போதுமே இப்படியா, அல்லது கீழே துணி துவைக்கும் இயந்திரம் நீர் பிடிக்கும்போது மட்டுமா? அடுக்களையில் குழாய் திறக்கும்போதா? ஒருவரைக் குழாயைத் திறந்து மூடச் சொல்லி, ஷவரின் கீழ் வாளியை வைத்துப் பாருங்கள். நீரோட்டம் கூடிக் குறைந்தால், குழாய்களில் நடக்கும் பங்குச் சண்டைதான் காரணம். நீரோட்டம் சீராக இருந்தும் சூடு மாறினால் தெர்மோஸ்டாட்டையோ மின்னணுக் கட்டுப்பாட்டையோ சந்தேகிக்கலாம். சிறு குழந்தைகள் குளிக்கும் வீட்டில் இந்தக் கோளாற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதே கேள்வி முறையைக் குளிர்நாடுகளிலும் பார்க்கலாம். அங்கே ஒரு கொதிகலனில் நீரைச் சூடாக்கி, பம்பு மூலம் அறைக்கு அறை உள்ள உலோகப் பலகைகளில் ஓடவிட்டு வீட்டையே சூடாக்குகிறார்கள். கொரிய நாடகம் பார்ப்பவர்களுக்குத் தெரியும், அங்கே சூடான தரையிலேயே பாய் விரித்துப் படுப்பார்கள்; இன்று அந்தத் தரைக்கு அடியில் ஓடுவது பெரும்பாலும் வெந்நீர்க் குழாய்தான். எல்லா அறையும் குளிர்ந்தால் சந்தேகம் கொதிகலன் மேலோ பம்பின் மேலோ. ஓர் அறை மட்டும் என்றால் அந்த அறையின் வால்வு. உலோகப் பலகையின் மேற்பகுதி மட்டும் குளிர்ந்தால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது, ஏனென்றால் காற்று நீருக்கு மேலே போய் நிற்கும். அடிப்பகுதி மட்டும் குளிர்ந்தால் சேறும் துருவும் படிந்திருக்கிறது. கையால் தொட்டுப் பார்த்தே இவ்வளவும் சொல்லிவிடலாம்.

மின்சாரம் விழுகிறதா? நிறுத்துங்கள்

மின்பெட்டியில் இரண்டு வகைக் காவலர்கள் இருக்கிறார்கள். எது கீழே விழுந்தது என்று பார்க்கப் பழகுங்கள்.

சிறிய எம்.சி.பி. அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத் துண்டிப்பது. நம் கருவி 3600 ÷ 240 = 15 ஆம்பியர் இழுக்கும். சாதாரண மூன்று முனை பிளக் 13 ஆம்பியருக்கு மேல் தாங்காது. அதனால்தான் இக்கருவிக்குத் தனிக் கம்பியும், பொதுவாக 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் போடுகிறார்கள். சுடுநீர்க் கருவியைப் பிளக்கில் சொருகி நீட்டிப்புக் கம்பியில் ஓட்டுவது வீட்டுக்குத் தீ வைக்கும் வழி.

மற்றது ஆர்.சி.சி.பி. லைவ் கம்பியில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று இது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. சமமில்லை என்றால் எங்கோ கசிகிறது. சூடேற்றும் கம்பியின் உறை வெடித்து உள்ளே நீர் புகுந்தால் இப்படி நேரும்.

மனித உடலுக்கு எவ்வளவு ஆபத்து? நனைந்த உடம்பின் மின்தடையை 1000 ஓம் என்று எடுத்துக்கொள்வோம். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியர் போதுமான நேரம் ஓடினாலே இதயத்தின் துடிப்பு தாறுமாறாகலாம். ஆனால் 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 0.23 ஆம்பியர் கொசுக்கடி, அது அசையாது. குளிப்பவர் உயிரைக் காக்க எம்.சி.பி.யால் முடியாது. நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகள் ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கருவியைக் கேட்பது இதனால்தான். வீடு முழுவதற்கும் போடும் 100 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. குளியலறைக்குப் போதாது.

நிலத்தொடர்புக் கம்பியின் பங்கையும் புரிந்துகொள்ளுங்கள். அது ஒழுங்காக இருந்தால், கசிந்த மின்சாரம் அதன் வழியே இறங்கி, யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்.சி.சி.பி. விழும். அது அறுந்திருந்தால் கசிவு காத்திருக்கும். முதலில் தொடுபவரின் உடலே பாதையாகும். குளிக்கும்போது ‘சுர்’ரென்றால் பொருள் இதுதான். உடனே ஒதுங்குங்கள், ஈரக் கையோடு கருவியைத் தொடாதீர்கள், வெளியிலிருந்து பெரியவரைக் கொண்டு மின்பெட்டியில் துண்டியுங்கள். வயர்மேன் பார்க்கும் வரைக்கும் அந்தக் குளியலறையில் வெந்நீர் இல்லை.

மாலையில் இடி மின்னல் வெட்டும்போது ஆர்.சி.சி.பி. ஒருமுறை விழுந்து, மறுபடி ஏற்றியதும் நின்றுவிட்டால் காரணம் மின்னலாக இருக்கலாம். கருவியைப் போடும்போதெல்லாம் விழுந்தால் கருவிதான். அதன் சுவிட்சை அணைத்து வைத்த பிறகு வீட்டு மின்சாரம் நிற்கிறதா என்று பெரியவர் ஒருமுறை பார்க்கலாம். நின்றால் துப்பு கிடைத்துவிட்டது. சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும். “இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்” என்று ஏற்றி ஏற்றிப் பார்ப்பதும், “இதுதான் தொல்லை” என்று ஆர்.சி.சி.பி.யையே எடுத்துவிட்டு நேராக இணைப்பதும் நம் வீடுகளில் நடக்கிறது. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாடகை வீடு என்றாலும் வீட்டுக்காரரிடம் அன்றே சொல்லுங்கள்.

ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று குறித்த சிறு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை பெரியவர் அதை அழுத்தினால் அது உடனே விழ வேண்டும். விழாவிட்டால், இத்தனை நாளாகக் காவலர் இல்லாமல் குளித்திருக்கிறீர்கள்! கருவியின் முகப்பிலும் அதுபோன்ற பொத்தான் இருக்கும். புதிதாக வாங்கும்போது சிரிம்–எஸ்.டி. முத்திரை உள்ளதா என்றும் பாருங்கள்.

வயர்மேன் வரும்போது “கெட்டுப்போச்சு” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நேரத்தில், எந்த விளக்கு எரிந்தது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை பாகை உயர்ந்தது, எந்தக் காவலர் விழுந்தார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவருடைய அரை மணி நேரமும் உங்கள் அப்பாவின் பணமும் மிச்சமாகும்.

இந்த வாரப் பயிற்சி

1. ஓர் இரட்டை மாடி வீட்டில் மேல்மாடிக் கருவி காலை 6 மணிக்குச் சூடேறுவதில்லை. பிற்பகல் 3 மணிக்கு நன்றாக இயங்குகிறது. கீழ்மாடிக் கருவி எந்நேரமும் ஒழுங்கு. நீங்கள் முதலில் எதைச் சந்தேகிப்பீர்கள்? அதை உறுதிப்படுத்த, ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றும் சோதனை ஒன்றை எழுதுங்கள்.

2. குமிழ் உச்சத்தில் இருக்க, ஒரு கருவி நிமிடத்துக்கு 5 லிட்டர் நீரை 27 பாகையிலிருந்து 30 பாகைக்கு உயர்த்துகிறது. நீர் பெறும் திறன் எவ்வளவு? லேபிளில் 3.6 கிலோவாட் என்று இருந்தால், வால்வைச் சற்று மூடச் சொல்வீர்களா, வயர்மேனை அழைக்கச் சொல்வீர்களா? கணக்கீட்டைக் காட்டிக் காரணம் எழுதுங்கள்.